எண் கீறாத பக்கம்

ஃபேரர் பார்க்கில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தச் சூரியக் கடிகாரத்தை வாங்கினேன். பித்தளை, உள்ளங்கை அளவு. அந்தக் காலத்து ஐரோப்பியக் கனவான்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தது. திசைகாட்டியும், நிழல் விழ ஒரு மடக்குத் தகடும் உண்டு. குளிர்நாட்டுக்காகச் சாய்த்து வைத்த தகடு அது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் தப்பு மணி காட்டி உளறும்.

"காசு குடுத்து ஓடாத கடிகாரம் வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்லா" என்றாள் மனைவி.

டாக்டர் அவளுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் தருவதை நிறுத்தியிருந்தார். வாழ்நாளெல்லாம் அரசாங்க நடைமுறைகளை எழுதிய எனக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று ஒன்றை நானே செய்தேன். இங்கே தகடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். நடுவில் ஒரு ஊசி, வடக்கு தெற்காகப் படுக்க வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து வெயில் தகட்டின் வடக்கு முகத்தில் விழும், செப்டம்பர் கடைசியிலிருந்து தெற்கு முகத்தில். ஆகவே இரண்டு பக்கமும் எண் கீற வேண்டும். புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறை மேசையில் அரம் போட்டு, வடக்கு முகத்தை மட்டும் முடித்தேன். அடுக்குமாடியின் பொதுக் காரிடாரில் நிரந்தரமாக எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. கையடக்கமாகச் செய்ததற்கு அதுவும் காரணம்.

காலையில் சக்கர நாற்காலியைக் காரிடாருக்குத் தள்ளி வருவேன். அவள் தகட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"கைபேசி பத்துங்குது, இது ஒம்பதுகூட ஆகலைங்குது. எது சரி?"

"இதுதான். நம்ம ஊர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க."

"கவர்மென்ட் டைம் தப்பா? அதுக்குத்தானே இத்தனை வருஷம் வேலை பாத்தீங்க!" சிரித்தாள், இருமினாள். "இருக்கட்டும். இதுல எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம்."

பிறகு தகட்டைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் மொட்டையா இருக்கே?"

"வெயில் அந்தப் பக்கம் வரட்டும். நிழலைப் பாத்துப் பாத்துத்தான் கீறணும்."

பொய். மணிக்குப் பதினைந்து பாகை. கோணமானி இருந்தால் அரை மணி நேர வேலை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவளிடம் போய் இதைச் சொன்னேன்.

"கோணம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "சரி. செப்டம்பர் வரைக்கும் இருந்து பாக்குறேன்."

ஆகஸ்டில் போய்விட்டாள்.

சான்றிதழ், தகனத்துக்கான நேரம், வங்கிக் கணக்கு, வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் வரிசை மாறாமல் முடித்தேன். உறவினர்கள் என் நிதானத்தைப் பாராட்டினார்கள்.

அக்டோபரில் ஒரு காலை, தகட்டைக் காரிடாருக்கு எடுத்துப் போனேன். வெயில் மொட்டைப் பக்கத்தில் பளிச்சென்று விழுந்தது. ஊசியின் நிழல் தன் இடத்தில் கச்சிதமாக நின்றது, எண் மட்டும் இல்லை.

சந்தைக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா நின்று பார்த்தார். "என்னண்ணே, அக்கா கையில வச்சிருப்பாங்களே, அதானே? நம்பரைக் காணோம்?"

"கீறணும்மா. வெயில் இந்தப் பக்கம் வரட்டும்னு இருக்கேன்."

அவர் தகட்டைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். லிஃப்டை நோக்கி நடந்தார்.