ஏதாவது ஒரு டிகிரி

மின்சாமான் விற்கும் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவளுடையது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. கூடப் பிறந்த தம்பி மட்டும்தான் அங்கே அவளை 'மேடம்' என்று கூப்பிடுவான். அவனுக்குக் குடோனில் தற்காலிக வேலை. லாரி வந்தால் பெட்டிகளைச் சரிபார்த்து இறக்கி அடுக்க வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவன்.

அந்த வேலையை நிரந்தரமாக்கி விளம்பரம் கொடுத்தபோது விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பாதிக்குப் பாதி பட்டதாரிகள். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"ஏதாவது ஒரு டிகிரி வேணும்னு போட்டுட்டா பாதி குறைஞ்சிடும் சார்" என்று முதலாளியிடம் அவளே யோசனை சொன்னாள். சொல்லும்போதே தம்பி நினைவுக்கு வந்தான். தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இயற்பியலில் முதுகலை முடித்த பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். தம்பி விடைபெற வந்தான்.

"கோபமாடா?"

"முதலாளி போட்ட விதிக்கு உன்மேல என்னக்கா கோபம்? அடுத்த பிறவியில டிகிரியோடயே பொறந்துடறேன்."

அவன் சிரித்துக்கொண்டே போய் வாடகை வண்டி ஓட்டத் தொடங்கினான். அவளுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புதுப் பெண்ணும் நிலைக்கவில்லை. "வீட்ல லேப்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா. கை காய்ச்சுப் போனதைப் பார்த்துட்டு அப்பா கேக்கறார்" என்று அழுதாள். சில மாதங்களில் நின்றுவிட்டாள்.

"அந்த டிகிரி வரியை எடுத்துடலாம் சார்."

"ஏன்? எம்.எஸ்ஸியே வர்றாங்களே! நீங்க சொன்ன வழிதானே?" முதலாளி ஃபைலை மூடிவிட்டார்.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். "அது முதலாளி விதி இல்லடா. நான் சொன்னது. உன்னை வச்சு என்னைப் பேசிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா."

புது விளம்பரத்துக்கு முன்னைவிட அதிகமாக விண்ணப்பங்கள் வந்தன. இந்த முறை அத்தனை பேரும் பட்டதாரிகள்.