படகுவரை போன குரல்

சாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தபோது பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் இருந்து தொலைபேசி வந்தது. "மாமி, அம்மா போயிட்டா," என்றாள் பரமேஸ் ரீச்சரின் மகள். கடல் அன்று பால்போலக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரீச்சரை அறிந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள்.

பயிற்சி நிலையத்தில் இலத்திரனியல் படிப்பித்த ரீச்சர், வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடலோர ஊரான சல்லிக்கு வந்து சின்னப் பிள்ளையார் கோயிலில் பெண்கள் எங்களோடு சேர்ந்து பஜனை பாடுவார். அங்கே ஒலிபெருக்கியைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைப்பது வழக்கம். படகில் நிற்கும் ஆண்கள் தத்தம் மனைவியின் குரலைத் தேடிக் கேட்பார்கள். கேட்டால் வீட்டில் சுகம் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளி ஒலிபெருக்கியின் அம்பிளிபயர் திடீரென்று ஊரையே அதிரவைத்தது. எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "பிள்ளையார் தந்த சத்தம்!" என்றேன்.

"சத்தம் இருக்கு, அக்கா. சொல் எங்க?" என்றார் ரீச்சர்.

பாட்டு முடியமுன் என் கணவர் வலை போடாமலே திரும்பி வந்து கரையில் குதித்தார். "வீட்டில என்னடியப்பா நடந்தது? ஒரே இரைச்சல், உன்ர குரலைக் காணேல்ல!" முன்பு அவர் கடலில் நின்றபோதுதான் எங்கள் மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தப் பயம் அவரை விட்டதில்லை.

மறுநாள் ரீச்சர் அம்பிளிபயர் பெட்டியைத் திறந்தார். உப்புக்காற்று ஓர் இணைப்பை அரித்திருந்தது.

"வெளியில போற சத்தத்தில கொஞ்சத்தை இந்த வழியால திருப்பி, உள்ள வாறதுக்கு எதிராச் சேர்க்க வேணும். அந்த வழி அறுந்தா பெருக்கம் எக்கச்சக்கம். ஆனா நம்ப ஏலாது. சூடேறினா ஒரு அளவு, ஆறினா வேற அளவு. மெல்லமாப் பாடினாலும் சத்த அலையின்ர தலையை வெட்டிப்போடும்."

"அப்ப என்ர சத்தத்தைக் குறைக்கப் போறியளோ?"

"ஓம். குறைச்சாத்தான் அது உங்கட சத்தம்."

அடுத்த வெள்ளி, சத்தம் குறைந்துவிட்டதென்று சனம் முணுமுணுத்தது. நான் பாடினேன். மங்கும் நீரில் படகு விளக்குகள், நட்சத்திரங்கள் இறங்கி மிதப்பதுபோல அசைந்தன. ஒன்றும் கரைக்குத் திரும்பவில்லை. விடியக் கணவர் மீனோடு வந்து கேட்டார்: "என்ன, வெத்திலையைப் போட்டுக்கொண்டோ பாடினனீ? சப்புறதுகூடக் கேட்டுது!"

ரீச்சர் கேட்டுச் சிரித்த சிரிப்பு!

செத்தவீட்டில் என்னைத் தேவாரம் பாடச் சொன்னார்கள். பாடும்போது ரீச்சர் செய்வதுபோல, உள்ளங்கையைக் காதோரம் குவித்தேன். என் குரலில் கொஞ்சம் எனக்கே திரும்பி வந்தது. அதில் கேட்ட நடுக்கத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பாடி முடித்தேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் குவிந்த கைதான்.