வலிப்பும் வேண்டாம், தாடியும் வேண்டாம்

1984ஆம் வருடம், ஆனி மாதம். அப்போது உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம். என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. பெண் பார்க்கப் போனபோதே அவர்கள் வீட்டில் அதை மறைக்காமல் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

ஆனால் உடம்பு பெருத்தது. முகவாயில் முடி வளர்ந்தது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனது. முதல் தடவை தள்ளியபோது என் அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். அது கர்ப்பமில்லை என்று ஆனதும் தெருவே நாள் எண்ண ஆரம்பித்தது. கைபம்பில் தண்ணீர் அடிக்கப் போனால், "இன்னாடி, வாத்தியாருக்குப் பெருசா, ஒனக்குப் பெருசா, மீசை?" என்று கேட்பார்களாம். அவள் அதை வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்.

எல்லாம் மாத்திரையால்தான் என்று எனக்குத் தோன்றியது. அது சரிதான். அதற்கு நான் செய்ததுதான் தப்பு. மூன்று வருடமாக வலிப்பு இல்லை, நோய் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டரைக் கேட்டு நிறுத்தலாம் என்று அவள் கெஞ்சினாள். பி.எஸ்சி. படித்தவனுக்குத் தெரியாதா என்று டப்பாவைப் பிடுங்கிக் கிணற்றில் கொட்டினேன்.

நான்காம் நாள் காலை கைபம்பு பக்கத்தில் விழுந்தாள். ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது. வலிப்புக்கு இரும்பு கொடுப்பது மூடநம்பிக்கை என்று வகுப்பில் கேலி செய்தவன் நான். அன்று பள்ளிக்கூடச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாக வந்த நெல் லாரியில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனோம்.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தாள். மாத்திரை ஏன் நின்றது என்று டாக்டர் கேட்டார். அவளே மறந்துவிட்டாள் என்றார் என் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"மறக்கல சார். இவருதான் கெணத்துல கொட்டிட்டாரு. ஆனா அந்த மாத்திரையும் என்னைப் பாடாப் படுத்திக்கினு கீது. மூணு மாசத்துக்கு ஒருக்காதான் தலைக்கு ஊத்திக்கிறேன். மூஞ்சில முடி. எனக்கு வலிப்பும் வாணாம், தாடியும் வாணாம். ரெண்டுக்கும் சேத்து வழி சொல்லுங்க."

ஆம்பளை டாக்டரிடம் பேசுகிற பேச்சா இது என்று அம்மா அதட்டினார்.

"தெருவே பேசுது அத்தே. நான் பேசினா இன்னா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சில வலிப்பு மாத்திரைகள் பெண்களுக்கு இப்படிச் செய்யக்கூடும், அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். பெண் டாக்டரிடமும் அனுப்பினார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்றாள்.

அதன்பின் மாத்திரை டப்பாவை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. மாதவிலக்குத் தேதியைக் கூடத்துக் காலண்டரிலேயே சிவப்பு மையால் வட்டம் போட்டாள். மாதம் ஒரு தடவை ரைஸ் மில்லுக்குப் போய் நெல் மூட்டை போடும் தராசில் ஏறி நிற்பாள். எத்தனை மூட்டை என்று யாராவது கிண்டல் செய்தால், "ஒன்னால தூக்க முடியாது, போய் வேலையப் பாரு" என்பாள். மாத்திரை மாறிய பிறகு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது, முடி குறைந்தது. எடை மட்டும் முழுதாக இறங்கவில்லை.

லாரியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள், நான்தான் அவளைப் பிழைக்க வைத்தேன் என்று இன்றும் சொல்கிறார்கள். கொல்லப் பார்த்தவன் நான், வெட்கப்படாமல் அந்த வார்டில் வாயைத் திறந்து தன்னைப் பிழைக்க வைத்துக்கொண்டவள் அவள் என்று, கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.