ஓடிபி சொல்லுங்க

பட்டாபிராமில் மதிவதனியைத் தெரியாதவர்கள் நிறைய பேர். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறவர்களில் அவள் எழுதியதைப் படிக்காதவர்கள் ரொம்பக் குறைவு. தொழிற்சாலைச் சுவர்களில் மாட்டும் எச்சரிக்கைப் பலகைகளையும், வெளிநாட்டு மெஷின்களோடு வந்து இறங்கும் கையேடுகளையும் தமிழில் எழுதித் தருவது அவள் தொழில். வயது முப்பத்தெட்டு, அதில் பதினோரு வருஷம் இந்தத் தொழிலிலேயே போயிருக்கிறது.

அவள் எழுதியதிலேயே பேர் வாங்கியது பூட்டுப் பலகைதான். மெஷினுக்குள் கை விட்டுப் பழுது பார்க்கிறவன் முதலில் கரண்டை நிறுத்தி, அந்த சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் தெரியாத எவனாவது சுவிட்சைப் போட்டுவிடுவான். இதற்கு முன்பு இருந்த பலகையில் 'பூட்டுதல் மற்றும் குறியிடுதல் செயல்முறை கட்டாயமாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கை போய்விடும். மதிவதனி இரண்டு நாள் ஒரு பட்டறையில் நின்று ஃபிட்டர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து எழுதினாள்: 'உன் பூட்டு. உன் சாவி. சாவியை யாரிடமும் கொடுக்காதே.' அதற்குப் பிறகு எஸ்டேட்டில் பாதிப் பேர் அந்தப் பலகையைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

அவளுக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் டில்லிபாபு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது. டில்லிபாபு பாடியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு சூப்பர்வைசர், கெட்டிக்காரன். "இதெல்லாம் உனக்கின்னாத்துக்குத் தலைவலி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித் தன் மெயில், தன் ஃபோன் நம்பர் எல்லாம் கொடுத்துக் கணக்குத் தொடங்கினான். தள முகவரியில்கூட அவள் பேரோடு அவன் இனிஷியல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான மறுமாதம் ரேஷன் கார்டில் மாறிய இனிஷியல், இன்டர்நெட்டில் மட்டும் மாறாமல் இருக்குமா? அன்றைக்கு அவளுக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

தளத்தை அவள் வைத்திருந்த அழகையும் சொல்ல வேண்டும். மொத்தமே நான்கு பக்கம்தான், அதற்கு மேல் போகவிடவில்லை. "வர்றவன் சினிமா பாக்க வர்றானா? வேலைக்கு ஆளைத் தேடி வர்றான். வேலையைக் காட்டினா போதும்" என்பாள். பலகைப் படங்களைச் சுருக்கிச் சுருக்கி, சிக்னல் இல்லாத மூலையில் நிற்கிற ஸ்டோர் கீப்பரின் பழைய ஃபோனிலும் சட்டென்று திறக்கிற மாதிரி வைத்திருந்தாள். எழுத்து பெரிசு, பின்னணி வெள்ளை. ஓடுகிற எழுத்து, மின்னுகிற எழுத்து, பாட்டு எதுவும் கிடையாது. மாதத்தின் முதல் திங்கள்கிழமை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்து, செத்துப்போனதை நீக்கி, அடியில் தேதியை மாற்றுவாள். 'கடைசியாகத் திருத்தியது' என்று மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி கிடந்தால், கடைக்காரர் செத்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள் என்று சொல்வாள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

இத்தனையும் தெரிந்தவளுக்கு ஒன்று மட்டும் கையில் இல்லை. உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் கணக்கிலுள்ள நம்பரை அடித்து ஓடிபி வாங்க வேண்டும். அது டில்லிபாபுவின் ஃபோனுக்குப் போகும்.

"ஏங்க, ஓடிபி சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள். முதல் வருஷம் உடனே சொல்லிவிடுவான். இரண்டாம் வருஷம் "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சொன்னான். அப்புறம் "கையில கிரீஸ் கீது, அப்பறம் சொல்றேன்" வந்தது. அதற்கும் அப்புறம், முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்திருந்தால் ஃபோனையே எடுக்க மாட்டான். ஐந்து நிமிஷத்தில் அந்த ஆறு எண்ணும் செல்லாமல் போய்விடும். சில நாள் மூன்று தடவை, நான்கு தடவை கேட்பாள். தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு வெளியில் நிற்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஓடிபிக்காக யாரிடம் போய் அழுவது? சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே இருந்த பெண் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க பூட்டுப் பலகை மதிவதனிதானே? உங்க வெப்சைட்ல ஃபோட்டோ பார்த்திருக்கேன்" என்றாள். பேர் சௌம்யா. பூந்தமல்லி பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"இப்போ உடம்பு பரவாயில்லையா மேடம்?" என்று கேட்டாள் சௌம்யா.

"எனக்கு இன்னா உடம்பு?"

"மூணு தடவை உங்க நம்பருக்குக் கூப்பிட்டேனே. உங்களுக்கு உடம்பு சரியில்லை, வேலையெல்லாம் விட்டுட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே."

மதிவதனிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்போ நல்லா கீறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சௌம்யா விவரம் சொன்னாள். புதுத் தொழிற்சாலைக்கு எல்லாப் பலகையும், எல்லாப் பயிற்சிப் புத்தகமும் தமிழில் வேண்டும். ஒரு வருஷ வேலை, அவர்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு சிக்கல். "படிவத்துல இருக்கிற நம்பரும் வெப்சைட்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும் மேடம். நம்பர் உங்க பேர்லயே இருக்கணும். வேற ஆள் நம்பர் இருந்தா புரோக்கர்னு ஒதுக்கிடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அம்பத்தூரில் இறங்கிய பிறகும் மதிவதனி பிளாட்பாரத்திலேயே நின்றாள். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் மட்டும்தானா? ஐந்து வருஷத்தில் இன்னும் எத்தனை பேரிடம் அவளை நோயாளி ஆக்கி வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் டில்லிபாபு கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். அவன் மழுப்பவில்லை, கத்தவும் இல்லை. சிரித்தான்.

"ஆமா, சொன்னேன். இங்கேர்ந்து பூந்தமல்லி எவ்ளோ தூரம் தெரியுமா? ரெண்டு பஸ்ஸு மாறணும். ஊட்ல உக்காந்துகினு ராணி மாரி எழுதிக்கினு கீற. அது போதாதா உனக்கு?"

"அதை நான்தானே சொல்லணும்?"

"நான் சொன்னா இன்னா, நீ சொன்னா இன்னாமே? ஒரே ஊடுதானே?"

"வெப்சைட்ல என் நம்பர் போட்டுக்கிறேங்க. அது மட்டும் பண்ணித் தாங்க."

"உன் நம்பரா? அந்த சிம்மே என் பேர்லதான் கீது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். குழம்பு நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான். ஒரு அடி அடித்திருந்தால்கூட யாரிடமாவது காட்டலாம். இந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பொய் சொன்னாள். பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் ஃபோனில் சொன்ன முதல் பொய் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. "ஏங்க, ஒரு ஃபோட்டோ மாத்தணும், ஓடிபி சொல்லுங்க" என்றாள். அவன் நல்ல மனநிலையில் இருந்தான் போல, சொன்னான். உள்ளே போனாள். தளத்தின் அடியில் இருக்கும் பச்சைப் பொத்தானைத் தொட்டால்தான் அழைப்பு போகும். அந்தப் பொத்தானுக்கு நம்பர் கணக்கிலிருந்து வருகிறது. பக்கத்தில் ஆயிரம் நம்பர் எழுதலாம், பொத்தானைத் தொட்டால் அவனுக்குத்தான் அடிக்கும். கணக்கைத் திறந்து நம்பரை மாற்றக் கொடுத்தாள். திரையில் ஒரு வரி வந்தது: பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.

அரை நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான்.

"ஃபோட்டோ மாத்தறேன்ன. நம்பர் மாத்தறன்னு மெசேஜ் வந்துகீது?"

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. "ஏங்க, உங்க இடுப்புல சிவப்புப் பூட்டு தொங்குதே, அதோட சாவிய யாருக்காவது குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"குடுக்க மாட்டேன். குடுத்தா என் கை போயிடும்."

"அது நான் எழுதின பலகைதாங்க. உங்க தலைக்கு மேலதான் மாட்டியிருக்காங்க."

"அது மெஷினு. இது ஊடு" என்றான். "சாயங்காலம் பேசிக்கலாம்." வைத்துவிட்டான். ஐந்து நிமிஷம் கழிந்ததும் தளம் அவளை வெளியே தள்ளியது.

மதிவதனி அழுதாள். முந்நூறு பலகைகளின் மூலையில் அந்தத் தள முகவரி அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். அதை விட்டுவிடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. சமையலறையில் குக்கர் சத்தம் போட்டபோது எழுந்து போய் அதை அணைத்தாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பென் டிரைவ் இருந்தது. வேலையெல்லாம் அதில் இருக்கிறது, பூட்டுப் போட்டிருப்பது முகவரிக்கு மட்டும்தான் என்பது அப்போதுதான் அவள் புத்தியில் ஏறியது.

மதியம் ஸ்டேஷன் ரோட்டில் முகமது ஆசிக்கின் ஃபோன் கடைக்குப் போனாள். "அண்ணாத்தே, என் பேர்ல ஒரு புது சிம்மு வேணும்" என்றாள். அவர் ஆதார் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆதாரிலும் இருப்பது டில்லிபாபுவின் நம்பர்தான்.

"ஓடிபி வருமா?" என்று கேட்டாள்.

"ஓடிபி எதுக்கும்மா? விரல் வைங்க, போதும்" என்று ஒரு சின்ன கருவியை முன்னால் தள்ளினார். கட்டை விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இவ்வளவு லேசாக ஒன்று நடக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். சிம் அட்டையை உறையோடு முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் டில்லிபாபு சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குக் கிளம்பியதும், புது சிம்மை ஒரு பழைய ஃபோனில் போட்டு, உறையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். தன் பேருக்கு ஒரு மெயில் தொடங்கினாள். தளத்துக்கு வெறும் 'மதிவதனி' என்ற முகவரியை யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அப்பா இனிஷியலைப் போடலாமா என்று ஒரு நொடி யோசித்து, வேண்டாம் என்று 'மதிவதனி பலகை' என்று எடுத்தாள். நான்கு பக்கத்துக்கு நேரம் இல்லை, ஒரே பக்கம். மேலே பூட்டுப் பலகை, கீழே ஆறு மாதிரிகள், அதற்கும் கீழே பேர். பதினொன்றரைக்குள் எல்லாம் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு கட்டம் கேட்டது: உங்கள் மொபைல் எண்.

மடமடவென்று பத்து எண்களை அடித்து, 'சரி' என்று தட்டினாள். சௌம்யா அனுப்பியிருந்த படிவத்தை ஒரு முறை படித்துக்கொண்டே, ஓடிபிக்காக மேஜைமேல் இருந்த பழைய ஃபோனைப் பார்த்தாள். வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, வரவில்லை.

அப்போது அவளுடைய வழக்கமான ஃபோனில் அழைப்பு வந்தது. டில்லிபாபு.

"மதி, இன்னாமோ புதுசா ஓடிபி வந்துகீது" என்றான். நேற்றைய இறுக்கம் குரலில் இல்லை, ராத்திரியெல்லாம் யோசித்து மனசு இறங்கி வந்தவன் மாதிரி இருந்தது. "ஃபோட்டோ மாத்தறியா? சரி, எழுதிக்கோ. சொல்லட்டா?"

திரையைப் பார்த்தாள். அவன் நம்பர் அங்கே பத்து எண்ணாக நின்றுகொண்டிருந்தது. ஐந்து வருஷமாக அடித்து அடித்து, விரல் தானாகவே அங்கே போயிருக்கிறது. உலகத்தில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். தன் புது நம்பர் அவளுக்கே தெரியாது.

"நாலு..." என்று ஆரம்பித்தான்.

"வேணாங்க" என்றாள். "அது தப்பா உங்களுக்கு வந்துடுச்சு."

"தப்பான்னா? இன்னா பண்ற நீ ஊட்ல?"

"வேலை பாக்கறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள். வைத்த உடனே மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இனி சாயங்காலம் ஆறரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் வரைக்கும் அது ஓயாது என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறக்கப் போவதும் அவள்தான்.

பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிம் அட்டையின் உறையை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுகிற குழந்தையைப் போல ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்தாள். புது சிம் போட்ட பழைய ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. அது ஒரு முறை சிணுங்கியது. ஆறு எண்களையும் பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படித்தாள். வீட்டில் கேட்க யாரும் இல்லை, அவளே எழுதிக்கொண்டாள்.