தனிஸ்லாஸ் ஒட்டிய தேர்

தனிஸ்லாசுக்குக் கத்தரி பிடிக்கத் தெரியும். பிலிமை வெட்டத் தெரியாது. ஆனாலும் 1936-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாதா தேர்த் திருவிழாவைப் படம் எடுத்தபோது, வெட்டி ஒட்டும் வேலை அவன் தலையில்தான் விழுந்தது. காமிரா அவன் வகுப்புத் தோழன் அமலநாதனுடையது. அமலநாதனின் அப்பா கோயில் நிர்வாகத்தில் பெரிய மனிதர். மற்றவர்கள் காமிராவைச் சுற்றச் சண்டை போட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பசை நாற்றத்தில் உட்கார ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

பிலிமோடு வந்த பிரெஞ்சுக் குறிப்பைப் படித்துப் படித்து அவனாகவே கற்றுக்கொண்டான். முதல் ஒட்டில் தேர் தலைகீழாகப் போயிற்று. கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த ஒட்டு படம் ஓடும்போதே விட்டுப்போயிற்று. பிலிமின் மேல்பூச்சைச் சுரண்டாமல் பசை தடவியிருந்தான். கை பழகப் பழக ஆசையும் கூடியது. சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

அவன் வீடு ஊருக்கு மேற்கே, சேரியில். ஞானமேரியின் ஒரே மகன். ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் சட்டம் அவனுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது. தேருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. ஊரெல்லாம் சுற்றும் தேர் சேரி முனை வந்ததும் நிற்கும். சாமியார் அங்கிருந்தே தீர்த்தம் தெளிப்பார். சேரிப் பெண்கள் தங்கள் தெருவுக்குள்ளேயே நின்று, நேர்ச்சையாக உப்பும் மிளகும் தேரை நோக்கி எறிவார்கள். பாதி அவர்கள் காலடியிலேயே விழும். தேர் திரும்பிவிடும். இது என்ன வழக்கமோ, சொல்ல வந்தால் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

ஒரு நாள், தேர் திரும்புகிற துண்டு அவனுக்குத் தெரியாமல் மேசைக்கடியில் விழுந்துவிட்டது. அது இல்லாமலே ஒட்டினான். தேர் நேரே வருகிறது. சேரிப் பெண்கள் உப்பு எறிகிறார்கள். அடுத்து, ஊர்த்தெருவில் எடுத்த துண்டில் தேர் மிக அருகே அசைந்து போகிறது. ஓட்டிப் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தேர் அவன் தெருவுக்குள் வந்திருந்தது. அம்மா எறிந்த உப்பு மாதாவின் காலிலேயே போய் விழுந்தது போலிருந்தது.

அமலநாதனும் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்.

"இது நடக்கலியே, தனிஸ்லாஸ். திரும்புற துண்ட நடுவுல வச்சிடு. எங்கப்பா முன்வரிசையில ஒக்காருவாரு."

தனிஸ்லாஸ் தலையாட்டினான். மேசைக்கடியிலிருந்து துண்டை எடுத்தான். பசை பாட்டிலைத் திறந்தான், மூடினான். பிறகு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கல்லூரி மண்டபத்தில் படம் காட்டினார்கள். ஞானமேரி கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றாள். படம் காட்டும் கருவியைக் கையால் சுற்றியது அமலநாதன்தான். படத்தில் தேர் சேரிக்குள் நுழைந்ததும் முன்வரிசை சலசலத்தது. அவன் அப்பா திரும்பி மகனை ஒரு பார்வை பார்த்தார். அமலநாதனின் கை தயங்கியது. நிறுத்திவிடுவான் என்றே தனிஸ்லாஸ் நினைத்தான். அவன் நிறுத்தவில்லை. வியர்க்க விறுவிறுக்கக் கடைசிவரை சுற்றினான். அந்தப் புண்ணியவானுக்கு அன்று வீட்டில் என்ன கிடைத்ததோ! தனிஸ்லாசுக்குப் பிலிம் வேலை அதோடு போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது ஞானமேரி மகனுக்கு முன்னால் வேகமாகப் போனாள். சேரி முனைக்கு வந்ததும் அவள் நின்றாள். தேரிலிருந்து உதிரும் பூவை ஊர்த்தெருப் பெண்கள் பொறுக்கிக்கொண்டு போய் வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்கள். அவள் குனிந்து தெருவைப் பார்த்தாள்.

"தேரு வரலைன்னு தெரியும்டா" என்றாள். "கண்ணுதான் கேக்க மாட்டேங்குது. பூவத் தேடுது."