பெரிய வெள்ளியன்று சித்திக்கு ஒரு முத்தம்

எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் வாயைத் திறக்காமல் மாடி அறைக்குப் போய்விட வேண்டும். இது சித்தி போட்ட சட்டம். சித்தி, அம்மாவின் தங்கை. நாகல் நகரில் எங்களோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தார். அவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்கக் காலையும் இரவும் மாத்திரை. அந்த மாத்திரையோ நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். எனக்கு வந்து மூன்றே நாளில் போன சளி, முந்தின வருஷம் சித்தியை மூன்று வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டது.

வருஷா வருஷம் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு எங்களை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போவதும் அவர்தான். உடம்புக்கு முடியாதது அவருக்கு, ஊசி எங்களுக்கா என்று நான் அழுவேன்.

“எனக்குப் போட்டா அரைகுறையாத்தான் வேலை செய்யும் தாயி. மிச்சத்துக்கு நீங்கதான் போட்டுக்கணும்” என்பார்.

அப்பாவே மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடித்துவிடுவார். பயந்து பயந்து வாழ வேண்டிய உடம்பை வைத்துக்கொண்டு வீட்டையே அதட்டி வாழ்ந்த அப்படி ஒரு மனுஷியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு எட்டு வயதில் வந்த பெரிய வெள்ளி அது. கோயில் கொள்ளாத கூட்டம். எல்லோரும் வரிசையில் போய், சிலுவையிலிருந்த ஆண்டவரின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார்கள். சித்தி மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்றபடியே குனிந்து கும்பிட்டார். ஃபாதரிடம் முன்பே சொல்லியிருந்தார். அதெல்லாம் ஊருக்குத் தெரியுமா? என் பின்னால் நின்ற பெண், “டீச்சருக்கு இம்புட்டுப் பெருமை ஆகாது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆண்டவர் காலில் போய்க் கிருமி இருக்குமா என்ன? எனக்கொன்று, சித்திக்கொன்று என்று இரண்டு தரம் முத்தி செய்தேன். அத்தனை பேர் உதடும் பட்ட இடம். துடைக்காத வாயோடு சித்தியிடம் ஓடினேன்.

“குனிங்க சித்தி. ஒங்களுக்கும் சேத்துக் கொண்டாந்திருக்கேன்.”

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் சித்தி மாஸ்க்கைத் தானே இறக்கி, காதோரமாகக் கன்னத்தைக் காட்டிக் குனிந்தார். கொடுத்துவிட்டேன்.

பிறகு கோயில் குழாயடிக்குப் போய், பையிலிருந்த சோப்பை எடுத்து முகத்தைக் கழுவினார். டாக்டருக்குப் போன் போட்டார். என்னைத் திட்ட வந்த அம்மாவிடம், “விடுக்கா, புள்ள ஆசையாக் கொண்டாந்துச்சு” என்றார்.

ஒரு வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரவில்லை.

ஆண்டவருக்கே எட்ட நின்று கும்பிடு போட்டவர் எனக்காகக் குனிந்தார். அது எத்தனை பெரிய காரியமென்று எனக்கு எங்கே தெரிந்தது? நான் கொண்டுவந்து கொடுத்ததைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாரே என்று, அந்த ஒரு வாரமும் சித்தியோடு பேசாமல் இருந்தேன்.