நாத்தனார் எடுத்த பிளாக்

நாத்தனார்னாலே சண்டைதான்னு ஊரே சொல்லும். எனக்கு வாய்ச்ச அண்ணி, என் வீட்டுக்காரரோட அக்கா, சண்டை போட மாட்டாங்க, அளந்து பார்ப்பாங்க. அதுதான் இன்னும் கடுப்பு. ரேஸ் கார் இன்ஜின் கட்டுறது அவங்க தொழில்; ஒர்க் ஷாப்ல பட்டப்பேரு ‘இஞ்சு டேப்’. சமையலுக்குத் தண்ணி ஊத்தினாலும் குனிஞ்சு கோடு பார்த்துதான் ஊத்துவாங்க. அவங்க கட்டுற காரை நான் ஓட்டுவேன்.

போன ரேஸ்ல பாதி ஓட்டத்துல இன்ஜின் பிளாக், அதான் சிலிண்டரெல்லாம் இருக்கிற இரும்புக் கூடு, பிளந்துருச்சு. காரோட வந்த சாதா பிளாக். நாங்க ஏத்தின பவரை அதால தாங்க முடியல. ஒரு இரும்புத் துண்டு இன்ஜினுக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற தடுப்புத் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வந்து என் பூட்ஸ்ல குத்தி நின்னுச்சு. அன்னையிலிருந்து காருல ஏறினாலே கண்ணு பூட்ஸ் மேலேயே போகும். இனிமே ஓட்டவே முடியாதோன்னு பயம். யார்கிட்டயும் மூச்சு விடல.

ரேஸுக்குன்னே தனியா வார்த்து விக்கிற இரும்பு பிளாக் வாங்கப் போனோம். கடையில ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு பெயின்ட் அடிச்சு பளபளன்னு, சிலிண்டர் ஒவ்வொண்ணும் அகலமா. அகலம்னா பெரிய பிஸ்டன், கூடுதல் பவர். இன்னொண்ணு துருப்பிடிச்சு மூலையில கிடந்துச்சு. சிலிண்டர் சின்னது, கனமோ கனம்.

“அந்தப் பெருசை எடுக்கலாம் அண்ணி”ன்னேன்.

அவங்க சிலிண்டர் சுவரோட தடிமனை அளக்கிற மீட்டரைப் பையிலிருந்து எடுத்தாங்க. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழன்னு சுத்திச் சுத்தித் தொட்டுப் பார்த்தாங்க. கடைக்காரர் கொட்டாவி விட்டார். கடைசி சிலிண்டர்ல கை நின்னுச்சு. பிஸ்டன் அழுத்துற பக்கம் பார்த்து சுவர் மெலிஞ்சிருந்துச்சு. வார்க்கும்போதே அச்சு நகர்ந்திருக்கு. வெறும் கண்ணுக்குச் சத்தியமா தெரியாது. அதை மாட்டியிருந்தா அதுவும் பாதி ஓட்டத்துல பிளந்திருக்கும்.

“அகலக்கால் வைக்கவேண்டாம்டி. சுவர் இருந்தாத்தானே சித்திரம்”னு சொல்லிட்டு துருப்பிடிச்சதையும் அதே பொறுமையோட அளந்தாங்க. எங்கேயும் மெலிசு இல்ல. அதையே எடுத்தாங்க.

“எடை குறையணும்னு நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கிடக்கிறேன். நீங்க பாதி ஆள் கனத்தை ஏத்துறீங்களே!”

“சரி, இனிமே நல்லா சாப்பிடு”ன்னாங்க. இவங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?

இன்ஜினைக் கட்டி டெஸ்ட் ரூம்ல மாட்டினாங்க. முழு வேகத்துல ஓடும்போது எல்லாரும் தடிமனான கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கணும். நானும் என் வீட்டுக்காரரும் நின்னோம். அண்ணி மட்டும் வேகத்தை ஏத்துற கேபிளை உள்ளே இழுத்துக் கையில பிடிச்சுக்கிட்டு, இன்ஜினுக்குப் பின்னாடி, காருல நான் உக்கார்ற அதே தூரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க.

“அக்கா, பைத்தியமா உனக்கு? வெளியே வா!”ன்னு இவர் அலறினார்.

“உன் பொண்டாட்டி ஓட்டும்போது நடுவுல கண்ணாடியா இருக்கு?”ன்னு கேட்டுட்டு கேபிளை இழுத்தாங்க.

அம்மாடி! தரை அதிர்ந்துச்சு, கண்ணாடி அதிர்ந்துச்சு. அவங்க அசையல. வேகம் காட்டுற முள்ளு உச்சிக்குப் போயி, அங்கேயே நின்னு, மெதுவா இறங்கி, இன்ஜின் அடங்குற வரைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கல. நான் பொம்மை மாதிரி நின்னு அழுதுக்கிட்டிருந்தேன்.

கதவைத் திறந்து நேரா என்கிட்ட வந்தாங்க.

“இப்ப பயம் போச்சா?”ன்னு கேட்டாங்க.